மாரிக்கனியின் செம்புக் கோடுகள்

ஜான்ராஜ் சாரின் பட்டறையில் எனக்கு டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டிக்குப் போகிற வழியில் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். அங்கே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்தோம். ஊரில் அப்போது கரண்டு ஒரு நிலையில் நிற்காது. விசைத்தறிகள் மொத்தமாக ஓடும்போது பல்புக்குள் இருக்கும் கம்பி மட்டும் சிவந்து தெரியும். தறிகள் நின்றதும் பளீரென்று எரிந்து பல்பே போய்விடும். புதிதாக டி.வி. வாங்கியவர்கள் பயந்துபோய் கையோடு ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கினார்கள். எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

1984-இல், ஆடி முடிந்த கையோடு, போர்டு வரைய ஒரு பெண் வேண்டும் என்று சார் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். போர்டு என்பது ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் வைக்கிற உள்ளங்கை அகலப் பலகை. அதன் ஒரு பக்கம் முழுக்க மெல்லிய செம்பு ஒட்டியிருக்கும். கரண்டு போகவேண்டிய பாதைகளை அந்தச் செம்பின் மேல் கறுப்புப் பெயின்ட்டால் வரையவேண்டும். கை நடுங்கி இரண்டு பாதைகள் ஒட்டிக்கொண்டால் பெட்டி புகைந்துவிடும்.

எட்டுப் பெண்கள் வந்தார்கள். சார் ஆளுக்கொரு பழைய செய்தித்தாளும் பிரஷ்ஷும் கொடுத்தார்.

"ஸ்கேல் இல்லாம, கைய எடுக்காம, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு ஒரு கோடு போடுங்க."

ஏழு பேருடைய கோடுகளும் வழியில் எங்கேயாவது மூச்சு வாங்கியிருந்தன. எட்டாவதாக வந்தவள் மாரிக்கனி. பந்தல்குடிக்குப் பக்கத்து ஊர். என் வயதுதான் இருக்கும், முப்பது. எட்டாவது வரை படித்துவிட்டு, பருத்தியும் மல்லியும் போட்ட கரிசல் காட்டில் வேலை பார்த்தவள். புருஷன் சோலை தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து கோட்டை இழுத்தாள். தாளின் ஓரம் வந்தது, பிரஷ் நிற்கவில்லை. தாளைத் தாண்டி மேசையில் ஏறி, மேசையின் விளிம்பு வரைக்கும் போய்த்தான் நின்றது.

சார் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தாளு முடிஞ்சிருச்சேம்மா, கவனிக்கலியா?"

"பாத்தேன் சார். கோடு முடியல."

மறுநாளிலிருந்து அவளுடைய மேசை என் மேசைக்கு அடுத்தது. பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தோம். அதனால் இதையெல்லாம் நான் சொல்லலாம்.

முதல் போர்டை அவள் வரைந்து முடித்ததும் சார் அதை மருந்தில் போடச் சொன்னார். மருந்து என்று நாங்கள் சொன்னது ஃபெரிக் குளோரைடை. பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினால் கடுங்காப்பி மாதிரி இருக்கும். விரலில் பட்டால் மஞ்சளாகப் பிடித்துக்கொண்டு நாலு நாளைக்குப் போகாது. பெயின்ட் மூடாத செம்பையெல்லாம் அது தின்றுவிடும். மாரிக்கனிக்கு இது தெரியாது. தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தவள் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், செம்பு கரையுது சார். நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்."

"கரையட்டும். ஆட்டிக்கிட்டே இரு."

செம்பு முழுக்கப் போய் வெறும் பலகையில் கறுப்புக் கோடுகள் மட்டும் நின்றன. சார் அதைத் தண்ணீரில் அலசி, தின்னர் நனைத்த துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். அவள் துடைத்தாள். கறுப்பு விலக விலக, அடியில் ஒளிந்திருந்த செம்பு ஒவ்வொரு கோடாக மின்னிக்கொண்டு வெளியே வந்தது. நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையில் சுற்றுகளின் எண்ணிக்கை தப்பக் கூடாது, அதனால் தலை நிமிர மாட்டோம். அன்று அவள் மூச்சை இழுத்த சத்தத்தில் எனக்கு நானூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது.

"இந்தக் கோட்டுல என்ன சார் போவும்?" என்று கேட்டாள்.

"கரண்டு."

"பாக்க முடியுமா?"

"அதெப்படிம்மா முடியும்?"

"கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு போறதுக்கு இம்புட்டு அழகா ரோடு போட்டு வச்சிருக்கீகளே சார்."

சார் சிரித்தார். பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருந்தவர் அவர். அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது அந்தப் போர்டை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

பட்டறையின் மூலையில் சார் பழையதாக வாங்கிப் போட்ட ஒரு பெட்டி இருந்தது. வட்டமான சிறு திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அது வரைந்து காட்டும். ஆசிலாஸ்கோப் என்று சார் சொல்வார். நாங்கள் பச்சைப் பெட்டி என்போம். மத்தியானத்தில் நாங்களெல்லாம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, மாரிக்கனி தூக்குவாளியோடு பச்சைப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் அதன் வயர் முனையை விரலால் தொட்டுவிட்டாள். நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு திரை முழுக்க அலையாக எழும்பி ஆடியது. விரலை எடுத்தாள், அலை படுத்தது. தொட்டாள், எழும்பியது.

"சார், இது என் ஒடம்புலேருந்தா வருது?"

சார் கையில் சோற்றோடு வந்து பார்த்தார். "இந்தச் சுவத்துல, கூரையில எல்லாம் கரண்டு வயரு ஓடுதுல்ல, அதோட அதிர்வு காத்துல நெறஞ்சு கெடக்கு. உன் ஒடம்பு அத வாங்கிக் குடுக்குது. யாரு தொட்டாலும் வரும்."

"இப்பயும் என் மேல ஓடிக்கிட்டேதான் இருக்கா?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கு."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் புறங்கையும் உள்ளங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அன்று அவள் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

அவள் சொந்தமாகச் செய்த முதல் தகடு ஒரு பிசகில் வந்தது. 1986 என்று நினைக்கிறேன். வரைந்துகொண்டிருந்த போர்டின் மேல் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு விழுந்து வழிந்துவிட்டது. தின்னரால் அழித்துவிட்டுத் திரும்ப வரைவதுதான் வழக்கம். அவள் அழிக்காமல் அப்படியே மருந்தில் போட்டாள். கழுவித் துடைத்ததும் வளைந்து நெளிந்து ஓடிய பாதைகளுக்கு நடுவே அந்தச் சொட்டு ஒரு செம்புக் குளமாக நின்றது. ஏழெட்டுப் பாதைகள் அதில் வந்து விழுந்து மறுபக்கம் கிளம்பின.

"கஸ்தூரி, இங்க வாயேன்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். "நல்லா இருக்கு மாரி, ஆனா இது எதுக்கு ஆகும்?" என்று கேட்டேன்.

"எதுக்கும் ஆகாது. எதுக்கும் ஆகாததாலதான் புள்ள கண்ண எடுக்க முடியல."

அதற்குப் பிறகு, போர்டுகளை அளவுக்கு அறுக்கும்போது மிஞ்சுகிற துண்டுகளை அவள் சேர்க்க ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் அவளுக்கு. ஒரு தகட்டில் பச்சைப் பெட்டியின் அலைகளாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாள். ஒரு தகட்டில் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மயிரிழைக் கோடுகளாக நூறு வட்டங்கள். நான் சுற்றும் கம்பிக் கட்டை மேலிருந்து பார்த்து அதை வரைந்தாள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "இல்ல, நீ எண்ணுறது" என்றாள். ஈயப்பற்று வைக்கிற சூடான சால்டரிங் அயர்னை ஓரத்தில் லேசாக ஓட்டினால் செம்பு முதலில் ஆரஞ்சாகி, பிறகு ஊதாவாகி, ஒரு நொடிக்கு மயில் கழுத்து நிறத்துக்கு வரும். அந்த நொடியில் அயர்னை எடுத்துவிடவேண்டும். அவள் எடுத்துவிடுவாள். செய்து முடித்ததை உரச்சாக்கில் போட்டு மேசைக்கடியில் தள்ளிவிடுவாள். என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. ஆள், மாடு, பூ, கோபுரம் என்று எதுவும் அவற்றில் கிடையாது. கோடுகள், இடைவெளிகள், சில இடங்களில் திட்டுத்திட்டாகச் செம்பு, அவ்வளவுதான். ஆனால் பார்த்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினால் கொஞ்ச நேரத்துக்குக் கம்பி சுற்ற ஓடாது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மருந்து ஏன் சீக்கிரம் வீரியம் குறைகிறது என்று சாருக்குச் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பதினைஞ்சு நாளைக்கு வரவேண்டிய மருந்து பத்து நாள்ல சாவுது. யாராவது தண்ணி கலந்தீகளா?"

மாரிக்கனி மேசைக்கடியில் குனிந்து சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் சார். கழிவுத் துண்டுலதான் செஞ்சேன். ஆனா மருந்தக் கேக்காம எடுத்தது தப்புதான்."

சாக்கைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். முப்பதுக்கு மேல் இருந்தன. மேற்கு ஜன்னல் வெயில் அவற்றின் மேல் விழுந்ததும் ஓட்டுக்கூரையின் உள்பக்கம் முழுக்கச் செந்நிறக் கீற்றுகள் ஆடின. சார் முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு தகட்டை எடுத்து, கோடு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினார். போய்க்கொண்டே இருந்தார்.

"இது எந்த சர்க்யூட்டு?"

"எதுவும் இல்ல சார்."

"இந்த எடத்துல ஷார்ட் ஆகும்."

"கரண்டு குடுத்தாத்தானே சார் ஆகும்?"

சார் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு முனைகளையும் அந்தத் தகட்டின் இரண்டு ஓரங்களில் வைத்தார். முள் நகர்ந்தது. அவ்வளவு சுற்றிச் சுழன்ற கோடு எங்கேயும் அறுபடாமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிருந்தது. வேறொன்றில் வைத்தார். அதிலும் நகர்ந்தது. கோபமாக வந்த மனிதர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, தகடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாக்கில் அடுக்கினார்.

"செத்த மருந்தைக் கொட்டாம ஒரு கேன்ல ஊத்தி வச்சுக்க" என்றார் கடைசியில். "அது மெதுவாத்தான் தின்னும், ரெண்டு மூணு நாளாகும். பரவாயில்லன்னா அதுல செஞ்சுக்க."

பரவாயில்லை என்பது மட்டுமல்ல, அதுதான் அவளுக்கு வாய்ப்பாக அமைந்தது. செத்த மருந்து செம்பை ஒரேயடியாகத் தின்னாது, அரித்து அரித்துத் தின்னும். கோட்டின் ஓரங்கள் மழையில் கரைந்த வரப்பு மாதிரி வரும். எந்த நேரத்தில் வெளியே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கண்ணாடி நாரில் செய்த நல்ல போர்டுகளும் அந்தச் சமயத்தில் வரத் தொடங்கியிருந்தன. செம்பு போன இடத்தில் அவை இளம்பச்சையாக, வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு தகட்டை பல்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். கோடுகள் இருட்டாகவும் இடைவெளிகள் விளக்காகவும் மாறிவிட்டன. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தகட்டின் பாதியைத்தான் என்று அப்போது தெரிந்தது.

1992-இல் பொங்கல் கழித்து, ஊர் வியாபாரிகள் சேர்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாரத்துக்குப் பொருட்காட்சி நடத்தினார்கள். சார் எங்கள் ஸ்டெபிலைசருக்கு ஒரு ஸ்டால் பிடித்தார். அவருடைய கூட்டாளி ஆஸ்டின் மிக்ஸி, கிரைண்டர் வைக்கப்போவதாகச் சொன்னதால் பக்கத்து ஸ்டாலையும் சேர்த்தே எழுதிவைத்தார். கடைசி நேரத்தில் ஆஸ்டின் சரக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஸ்டால் காலியாக நின்றது. நாங்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி சாரிடம் போனாள்.

"சார், அந்த ஸ்டாலு சும்மாதானே கெடக்கு. நான் என் தகட மாட்டிக்கிடவா?"

எட்டு வருஷத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாரும் பார்த்ததில்லை போல. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார், திரும்ப எடுத்தார்.

"மாட்டு" என்றார்.

சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் பள்ளி நாடகத்துக்கு வைத்திருந்த கறுப்புத் திரையைக் கொண்டுவந்து மூன்று பக்கமும் கட்டினார். தகடுகளைத் தொங்கவிட என்னுடைய சுற்றுக் கம்பியைக் கொடுத்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று தகடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பல்பு. பெயர்ப்பலகை எழுத வந்தவர், "என்னன்னு போட? ஓவியக் கண்காட்சின்னு போடவா?" என்று கேட்டார்.

"ஓவியம்னு போட்டா ஆளையும் மயிலையும் தேடுவாக" என்றாள் மாரிக்கனி. கடைசியில் 'மாரிக்கனி – செம்புக் கோடுகள்' என்று எழுதினார்கள்.

சார் இருப்பதிலேயே பெரிய ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல குடுத்தா லைட்டு ஆடாம நிக்கும்."

"வேண்டாம் சார். நேரா லைன்லேருந்து குடுங்க."

"வோல்டேஜு ஆடும்மா. பக்கத்துல ஸ்டெபிலைசர் வித்துக்கிட்டு, இங்க லைட்டு மங்கி மங்கி எரிஞ்சா ஊரு சிரிக்காதா?"

"ஆடட்டும் சார். அதத்தான் அவுக பாக்கணும்."

சார் ஸ்டெபிலைசரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். வீடுகளில் விளக்குப் போடுகிற நேரம், தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்து மூன்று தகடுகளும் அடுப்புத் தணல் மாதிரி மங்கலாகத் தெரிந்தன. நாலைந்து பேர் எட்டிப் பார்த்துவிட்டு மிக்சர் கடைப் பக்கம் போனார்கள். விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது எந்த ஊரு மேப்பு தாயி?"

"மேப்பு இல்ல ஐயா."

"பின்ன?"

"எனக்கும் சொல்லத் தெரியல. கரண்டு போற மாதிரி, சத்தம் போற மாதிரி, மனசுக்குள்ள ஓடுனத வச்சுச் செஞ்சேன்."

அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அது நடந்தது. எங்கேயோ சில தெருக்களில் தறிகள் நின்றிருக்கவேண்டும். பல்புகள் ஏறின. திடீரென்று ஏறவில்லை, படிப்படியாக ஏறின. தணலாக இருந்த தகடுகள் பச்சை கலந்த வெள்ளைக்கு வந்தன. இருட்டில் ஒன்றாகத் தெரிந்த கோடுகள் நூறாகப் பிரிந்தன. மயிரிழை வட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விலகி நின்றன. பிறகு மெதுவாகத் திரும்ப இறங்கின. மூச்சு இழுத்து விட்டது போல இருந்தது. சம்சாரி இரண்டடி பின்னால் நகர்ந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஸ்டாலுக்கு முன்னால் கூட்டம் நின்றது. பக்கத்தில் எங்கள் ஸ்டெபிலைசர் ஸ்டாலில் விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது, அதைப் பார்க்க ஆளில்லை. விசைத்தறி வைத்திருந்த மாரீஸ்வரன் என்பவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒளி ஏறியபோது அவர் சொன்னார், "இப்ப எங்க தெருவுல தறி நின்னுருக்கு. டீக்கு விட்டுருப்பாக." கால் மணி கழித்து ஒளி இறங்கியபோது, "ஏறிட்டாக" என்றார். அருகில் நின்றவர்கள் அவரையும் தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஊரில் ஓடுகிற அத்தனை தறியும், எரிகிற அத்தனை விளக்கும், யாரோ ஒரு வீட்டில் போட்ட மோட்டாரும் சேர்ந்து இந்தத் தகடுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன என்பது கூட்டத்துக்கு மெல்லப் புரிந்தது. பக்கத்து ராட்டினத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் ஊரைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது அன்றுதான்.

நாலாம் நாள் கரண்டே போய்விட்டது. மைதானம் முழுக்க இருட்டு. ராட்டினம் நின்றது, கடைக்காரர்கள் பெட்ரோமாக்ஸைத் தேடினார்கள். கூட்டம் கலைந்து போகும் என்று நினைத்து நான் மாரிக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய ஸ்டாலுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவரும் நகரவில்லை. இருட்டில் நின்றபடியே காத்திருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். கரண்டு வந்தபோது முழுதாக வரவில்லை. ஊரே ஒரே நேரத்தில் இழுத்ததால் பல்புக் கம்பி மட்டும் சிவந்தது. அந்தச் சிவப்பில் தகடுகளின் ஓரங்கள் முதலில் தெரிந்தன, பிறகு கோடுகள், பிறகு நடுப்பகுதி. அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமாகத்தான் இருக்கவேண்டும்.

ஆறாம் நாள் சோலை வந்தார். உப்பு லோடை இறக்கிவிட்டு வருகிற வழியில் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். பொண்டாட்டி ஸ்டெபிலைசர் ஸ்டாலில் நிற்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். எங்களிடம் வந்து, "மாரி எங்க?" என்று கேட்டார். நான் பக்கத்தைக் காட்டினேன். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். கூட்டத்துக்குள் புகுந்து உள்ளே போனார். வலப்பக்கக் கடைசித் தகட்டில் ஒற்றைக் கோடு ஒன்று நெடுக ஓடி, ஓரிடத்தில் தேய்ந்து, செம்பும் இல்லாமல் பலகையும் இல்லாமல் வெறும் மினுக்கமாகப் போய்விடும். அவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். மாரிக்கனி அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

"இதெல்லாம் நீயா செஞ்ச?"

"ஆமா."

"எம்புட்டு நாளா?"

"ஆறு வருசமா."

அவர் தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடியக்காலம் வண்டி ஓட்டும்போது ரோடு இப்படித்தான் முன்னால போயி ஒரு எடத்துல காணாமப் போயிரும். நானும் யாருகிட்டயும் சொன்னதில்ல. இதையெல்லாம் என்னன்னு சொல்றது?" பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க சொல்லாத மாதிரிதான்."

அன்று ஸ்டால் மூடும்வரை அவர் போகவில்லை. கிளீனர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தப் பொருட்காட்சிக்கு மிக்ஸி வாங்கலாமென்று வந்திருந்தவர் ஷெரின். மதுரையில் ஒரு கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். மிக்ஸி வாங்காமல் மூன்று நாள் வந்து போனார். கடைசி நாள் மாரிக்கனியிடம் முகவரி எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. மதுரையில் ஒரு மண்டபத்தில் மூன்று நாளைக்கு மாரிக்கனியின் தகடுகளை மட்டும் வைக்கலாம், ஒன்று மட்டும் பெரிதாகச் செய்து கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்.

சார் ஒரு முழுப் போர்டை வரவழைத்தார். நாலடி நீளம், மூன்றடி அகலம், அறுக்காதது. மாரிக்கனி அதைத் தரையில் கிடத்தி அதைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து நாற்பது நாள் வரைந்தாள். அவ்வளவு பெரிய தட்டு எங்களிடம் இல்லை. சோலை பலகைகளை அடித்து ஒரு சட்டம் செய்தார். அதில் தார்ப்பாய் விரித்துப் பட்டறை முற்றத்தில் வைத்து மருந்தை ஊற்றினோம். சார் ஒரு மூலை, ஸ்டெல்லா டீச்சர் ஒரு மூலை, சோலை ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்த்தி, மருந்து மேலும் கீழும் போய்வர ஆட்டிக்கொண்டே இருந்தோம். மாரிக்கனி நடுவில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தொடங்கினோம், வெயில் உச்சிக்கு வந்தது. யாருக்கும் கை வலிக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை. "போதும்" என்று அவள் சொன்னதும் தூக்கி அலசினோம். மிச்ச மருந்தில் சார் சுண்ணாம்பைக் கொட்டி அடக்கினார்.

மதுரைக்குச் சோலையின் லாரியிலேயே கொண்டுபோனோம். வைக்கோல் பரப்பி, சேலைகளைச் சுற்றி, அதன் மேல் போர்வை. மண்டபத்தில் கரண்டு ஆடாமல் நின்றது. பல்பு வைப்பதில் அர்த்தமில்லை என்று மாரிக்கனி சொல்லிவிட்டாள். பெரிய தகட்டைக் கிழக்கு ஜன்னலுக்கு நேராக மேலேயிருந்து தொங்கவிடச் சொன்னாள்.

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது வெயில் அந்தத் தகட்டுக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. மண்டபத்தின் சிமென்ட் தரை முழுக்க இளம்பச்சை வெளிச்சம். அதன் மேல் ஆயிரம் கோடுகளின் நிழல், சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் ஒன்றேயொன்று தனியாக. நேரம் ஆக ஆக அந்த நிழல் தரையில் நகர்ந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போகவேண்டுமானால் அந்தக் கோடுகளின் மேல்தான் நடக்கவேண்டும். ஒரு வயதான மனிதர், பிறகு இரண்டு கல்லூரிப் பெண்கள், பிறகு ஒரு போலீஸ்காரர் என்று ஒவ்வொருவராக, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் காலெடுத்து வைத்து, நிழலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாரிக்கனி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பிடித்த விரல்கள் மடியில் கிடந்தன.

"கஸ்தூரி, யாருமே மிதிக்கல பாத்தியா?" என்றாள் மெதுவாக.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.